டிசம்பர் 22: ஒரு தேதியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிப்பதற்காக "வரலாற்றில் இன்று" குறிப்புகளைப் பல வருடங்களாக எழுதித் தருகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம், நாலைந்து வரி, அவ்வளவுதான். பெரும்பாலான தேதிகள் அதற்குள் அடங்கிவிடும். டிசம்பர் 22 மட்டும் அடங்குவதே இல்லை. பிள்ளைகளும் சக ஆசிரியர்களும் இந்தத் தேதியைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டிசம்பர் 22 என்றதும் முதலில் யாரைச் சொல்ல வேண்டும்?

கணித மேதை சீனிவாச ராமானுஜனை. 1887 டிசம்பர் 22, வியாழக்கிழமை மாலை பிறந்தார். அவருடைய 125ஆவது பிறந்த ஆண்டை ஒட்டிச் சென்னையில் நடந்த விழாவில், இந்த நாள் தேசிய கணித நாளாகக் கொண்டாடப்படும் என்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அறிவித்தார். 2012ஆம் ஆண்டு முழுவதுமே தேசிய கணித ஆண்டாக அமைந்தது.

அவர் பிறந்தது ஈரோட்டிலா, கும்பகோணத்திலா?

ஈரோட்டில். இரண்டு ஊரும் அவரைச் சொந்தம் கொண்டாடுவதால் இந்தக் குழப்பம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அம்மா கோமளத்தம்மாள் பிரசவத்துக்காக ஈரோட்டில் இருந்த தம் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது கும்பகோணம் திரும்பினார்கள். அப்பா அங்கே ஒரு புடவைக் கடையில் கணக்கர். வளர்ந்தது, படித்தது, நோட்டுப் புத்தகங்களில் எழுதத் தொடங்கியது எல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில். அந்த வீட்டை இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரித்து வருகிறது.

ராமானுஜன் தன் வயதையே தவறாக எழுதினார் என்பது உண்மையா?

உண்மைதான். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில், சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக இருப்பதாகவும், வயது ஏறக்குறைய 23 என்றும் எழுதியிருக்கிறார். டிசம்பர் 22ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அன்றைக்கு அவருக்கு 25 முடிந்திருந்தது. ஏன் இரண்டு வயது குறைந்தது என்பதற்கு அவர் எங்கும் விளக்கம் தரவில்லை. அந்தக் கடிதத்தோடு இணைத்திருந்த சூத்திரங்கள்தான் 1914 மார்ச்சில் அவரை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றின.

1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919இல் உடல் நலிந்து திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அவர் பெயரில் தரும் பரிசுக்கு வயது வரம்பு 32 என்று வைத்திருப்பது இதனால்தான். அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு நொடி நின்றுபோகிறது.

தனுஷ்கோடியை அழித்த புயல் 22ஆம் தேதியா, 23ஆம் தேதியா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். நான் மிகவும் மதிக்கும் கேள்வியும் இதுதான்.

1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு, கடும் புயலாக வலுத்து, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணைக்குள் நுழைந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில் நள்ளிரவை ஒட்டி ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குச் சற்று முன்பாகவே பேரலை அந்த ரயிலை மூடியது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அதே இரவில் ஊருக்குள்ளும் கடல் புகுந்தது.

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறும் ஆங்கிலக் கணக்கில் இந்தப் பேரழிவு இரண்டு தேதிகளில் கிடக்கிறது. அதனால்தான் ஒரு புத்தகத்தில் 22 என்றும் இன்னொன்றில் 23 என்றும் படிக்கிறீர்கள். இரண்டுமே தப்பில்லை. நம் பஞ்சாங்கக் கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. அப்படிப் பார்த்தால் அந்த இரவு முழுவதும் ஒரே நாள்தான்: குரோதி ஆண்டு, மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை. "செவ்வாய்க்கிழமை ராத்திரி" என்று சொன்னால் குழப்பமே இல்லை. நான் குறிப்பில் "டிசம்பர் 22 இரவு, 23 விடியும் முன்" என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் அந்த இரவை வெட்டிச் சுருக்க எனக்கு விருப்பமில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தியா, இலங்கை இரண்டையும் சேர்த்துக் குறைந்தது 1,800 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ரயிலில் போனவர்கள் மட்டும் நூற்றுக்கும் மேல். பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்று பலர் சொல்வதால், ரயிலைப் பற்றிய எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் "தனுஷ்கோடிப் புயல்" என்று சொல்லிச் சொல்லி, இது ராமேசுவரம் தீவுக்கு மட்டும் நேர்ந்தது போல ஆகிவிட்டது. அதே புயல் முதலில் இலங்கையின் வடக்குக் கரையோர மக்களைத்தான் அடித்தது. மன்னார் பக்கமும் திருகோணமலைப் பக்கமும் கடலுக்குப் போன மீனவர்களின் வீடுகளும் இந்தக் கணக்கில் இருக்கின்றன.

தனுஷ்கோடி அதற்கு முன்பு எப்படிப்பட்ட ஊர்?

ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம் என்று எல்லாம் இருந்த துறைமுக ஊர். சென்னை எழும்பூரில் "போட் மெயில்" ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் கொழும்புக்கு ரயில். ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை போய்விடலாம். இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்கள் இந்த வழியில் ஓடியதைப் பழைய தலைமுறை இன்னமும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. புயலுக்குப் பிறகு ஊர் வாழத் தகுதியற்றது என்று சென்னை மாநில அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து ராமேசுவரத்துக்கு மாறி, 1980களின் முற்பகுதியோடு நின்றுபோனது.

பாம்பன் பாலம் என்ன ஆனது?

1914இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவை கடலோடு போயின. கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் நடுப்பகுதி மட்டும் நின்றது. சீரமைக்கும் பொறுப்பு இளம் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. கடலுக்குள் கிடந்த தூலங்களையே மீட்டெடுத்துப் பொருத்தி 46 நாட்களில் ரயிலை ஓட வைத்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். அருகிலேயே எழுந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

டிசம்பர் 22தான் ஆண்டின் மிகக் குறுகிய பகலா?

வட அரைக்கோளத்துக்கு ஆமாம், ஆனால் 21ஆகவும் இருக்கலாம். சூரியன் தெற்கே எட்டும் கடைசி எல்லையான மகர ரேகைக்கு நேர் மேலே வரும் கணம் அது. அந்தக் கணம் ஒவ்வோர் ஆண்டும் ஆறு மணி நேரம் போல் தள்ளிப்போகும், நெட்டாண்டு வந்ததும் பின்னுக்கு இழுக்கப்படும். 2025இல் இந்திய நேரப்படி டிசம்பர் 21 இரவு எட்டரை மணி வாக்கில் வந்தது. 2026இல் நமக்கு 22 அதிகாலை, லண்டனுக்கு 21 இரவு. சென்னையில் அன்றைய பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் பெரிய வித்தியாசம் தெரியாது. லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு.

அப்படியானால் உத்தராயணம் டிசம்பர் 22இல் அல்லவா தொடங்க வேண்டும்? ஏன் தை முதல் நாள்?

சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது இப்போதுதான், சந்தேகமில்லை. நம் பஞ்சாங்கம் வேறொன்றைக் கணக்கில் கொள்கிறது. விண்மீன்களைப் பின்னணியாக வைத்து, சூரியன் மகர ராசிக்குள் நுழைவதைத் தை முதல் நாளாகக் கொள்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவது போல மிக மெதுவாகச் சுழல்வதால், சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்று இரண்டும் விலகி, இப்போது மூன்று வார இடைவெளி வந்திருக்கிறது. பொங்கலன்று வழிபடுகிறவர்கள் தவறாக எதையும் செய்யவில்லை. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள், அவ்வளவுதான்.

குரு கோவிந்த் சிங் பிறந்த நாளும் இதுதானா? பிறகு ஏன் ஜனவரியில் கொண்டாடுகிறார்கள்?

சீக்கியர்களின் பத்தாம் குரு பாட்னாவில் பிறந்த நாள் 1666 டிசம்பர் 22 என்று நூல்களில் இருக்கும். அது பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்று நாம் சுவரில் மாட்டியிருக்கும் கிரிகோரியன் நாட்காட்டியில் பத்து நாள் கூட்டினால் 1667 ஜனவரி 1 வருகிறது. ஆண்டே மாறிவிடுகிறது பாருங்கள். வழிபாட்டுக்கோ அவர்கள் போஹ் மாத வளர்பிறை ஏழாம் நாளைக் கொள்வது வழக்கம். அதனால் சில ஆண்டு டிசம்பர் கடைசியிலும் சில ஆண்டு ஜனவரியிலும் வரும்.

அன்னை சாரதா தேவியும் இப்படித்தான். 1853 டிசம்பர் 22 ஜெயராம்பாடியில் பிறந்தார். ராமகிருஷ்ண மடங்களில் திதி பார்த்துத்தான் ஜெயந்தி கொண்டாடுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் நட்சத்திரம் பார்த்து ஆயுள் ஹோமம் செய்வதும், பிள்ளைகள் தேதி பார்த்துக் கேக் வெட்டுவதும் இதே கதைதான்.

உலக அளவில் இந்தத் தேதியில் வேறென்ன?

நிறைய. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மீன்.

1938 டிசம்பர் 22, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரம். அங்கே ஒரு சிறு அருங்காட்சியகத்தின் காப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர். வலையில் ஏதாவது வினோதமாகச் சிக்கினால் மீனவர்கள் அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அன்று நெரின் என்ற இழுவைப் படகு சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே பிடித்த மீன்களோடு வந்திருந்தது. வேலை தலைக்கு மேல் இருந்தாலும், கிறிஸ்துமஸ் வாழ்த்தாவது சொல்லிவிட்டு வரலாம் என்று போனார். சுறாக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நீலத் துடுப்பு எட்டிப் பார்த்தது. ஒன்றரை மீட்டர் நீளம், ஐம்பத்தேழு கிலோ. டாக்சிக்காரர் நாற்றத்துக்குப் பயந்து ஏற்றத் தயங்கினார். பிணவறையில் வைக்க இடம் கேட்டார், தரவில்லை. குளிர்பதனக் கிடங்கிலும் இல்லை என்றார்கள். தோலையாவது காப்போம் என்று பாடம் செய்யக் கொடுத்துவிட்டு, மீனின் படத்தை வரைந்து ஜே.எல்.பி. ஸ்மித் என்ற மீனியலாளருக்கு அனுப்பினார். அது சீலகாந்த் என்று ஸ்மித் அடையாளம் கண்டார். டைனோசர்களோடு சேர்ந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாக அதுவரை எல்லாரும் நம்பியிருந்த மீன் இனம் அது! லாட்டிமேரியா என்ற அதன் அறிவியல் பெயர் அந்தப் பெண்ணின் பெயரால் வந்தது.

அப்புறம் வியன்னா. 1808 டிசம்பர் 22 அன்று குளிர்ந்து கிடந்த அரங்கில் நாலு மணி நேரக் கச்சேரி. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியும் ஆறாம் சிம்பொனியும் ஒரே மாலையில் முதன்முதலாக ஒலித்தன. ஒத்திகை போதாமல் கடைசி உருப்படியில் இசைக்குழு தடுமாற, பீத்தோவன் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வைத்தார். இத்தாலிய இசைநாடக மேதை புச்சினி பிறந்ததும் (1858) இதே தேதி.

1894இல் பிரெஞ்சு ராணுவ நீதிமன்றம், கேப்டன் பதவியில் இருந்த யூதரான ஆல்ஃபிரட் டிரைஃபஸைத் தேசத்துரோகி என்று இந்த நாளில்தான் தீர்ப்பளித்தது. குற்றமற்றவர் என்று நிரூபணமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

1989இல் ஒரே நாளில் இரண்டு. பெர்லினில் பிராண்டன்பர்க் வாயில் மறுபடி திறக்கப்பட்டு இரு ஜெர்மனிகளின் தலைவர்களும் அதன் வழியே நடந்தார்கள். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு கட்சித் தலைமையகத்தின் மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பி ஓடினார். மூன்றாம் நாள் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இந்தோனேசியாவில் டிசம்பர் 22 அன்னையர் நாளா?

ஆமாம். 1928 டிசம்பர் 22 அன்று யோக்யகர்த்தாவில் பெண்கள் அமைப்புகளின் முதல் மாநாடு கூடியது. பெண் கல்வி, குழந்தைத் திருமணம் பற்றியெல்லாம் பேசினார்கள். 1959இல் சுகர்னோ அரசு அந்த நாளைத் தேசிய நாளாக அறிவித்தது.

அதே நாட்டில் 2018இல் இதே தேதி இரவு, அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து சுனாமி எழுந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலநடுக்கத்தால் வந்த சுனாமி இல்லை என்பதால் எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றும் சொல்லவில்லை. 2004 சுனாமியைப் பார்த்த நமக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதிகள் போட்டிருந்தால் எதை எடுத்துக்கொள்வது?

நடந்த ஊரின் தேதியை எடுங்கள். ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் பகுதி விண்ணுக்குப் போய்த் திரும்பி முதன்முறையாக நின்ற நிலையில் தரையிறங்கியபோது ஃபுளோரிடாவில் 2015 டிசம்பர் 21 இரவு, இந்தியாவில் 22 காலை ஏழு மணி. அதை 21இல்தான் சேர்க்கிறேன். பிறந்த தேதி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பீத்தோவனுக்குக் கிடைத்திருப்பது ஞானஸ்நானம் பெற்ற தேதி (1770 டிசம்பர் 17) மட்டும்தான்.

நம் ஊரிலும் இது உண்டு. என் அப்பாவுக்குச் சான்றிதழில் ஒரு பிறந்த நாள். பள்ளியில் சேர்க்க வயது போதாமல், சேர்த்துக்கொண்ட வாத்தியார் கையாலேயே எழுதிய தேதி அது. பாட்டிக்குத் தெரிந்ததெல்லாம் "ஐப்பசி அடைமழையில பொறந்தவன்" என்பது மட்டுமே. எனக்கு இன்றுவரை பாட்டி சொன்னதுதான் சரி.

ஒரு வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் வருவது அபூர்வமா?

இல்லவே இல்லை. 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வாய்ப்பு, 50.7 சதவீதம். 40 பேர் என்றால் 89 சதவீதம். 23 பேரில் 253 ஜோடிகள் சேர்க்கலாம், ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாய்ப்பு. ஆனால் குறிப்பாக டிசம்பர் 22இல் பிறந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றால், பாதி வாய்ப்புக்கே 253 பேர் வேண்டும். கணித நாளன்று இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு வகுப்பிலேயே சோதித்துப் பாருங்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இரண்டு நிமிடத்தில் இத்தனையையும் எப்படி வாசிப்பது? எதை விடுவது?

பீத்தோவனை விடலாம், டிரைஃபஸை விடலாம், மனசில்லாமல் அந்த மீனையும் விடலாம். கணித நாள் என்பதால் ராமானுஜன் பெயர் எப்படியும் வந்துவிடும். பல பள்ளிகளில் அன்றைக்கு அதோடு முடித்துவிடுகிறார்கள். தனுஷ்கோடியை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ராமானுஜன் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் அந்த ரயிலையும் சொல்ல அரை நிமிடம் போதும். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் சமயம் என்பதால் இந்தத் தேதியில் கூட்டமே நடக்காமல் போவதுண்டு. அப்போது முந்தைய வேலை நாளிலேயே வாசித்துவிடச் சொல்கிறேன்.

தனுஷ்கோடிக்கு இப்போது போக முடியுமா?

முடியும். முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை நின்றுவிடும், அதற்கப்பால் மணலில் ஜீப்பில்தான் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம் எல்லாம் வழியிலேயே நிற்கின்றன. இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடலில் இறங்காதீர்கள். தேவாலயச் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டப்பட்டது, தொட்டாலே உதிர்கிறது. சாய்ந்து நின்று படம் எடுக்க வேண்டாம்.